முன்பக்க ‘டக் டக்’ சத்தம்: லிங்க் மாற்றியும் நிற்கவில்லை, அடுத்த எஸ்டிமேட்டுக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது முன்சக்கரங்களால் இயங்கும் மேனுவல் கியர் ஹேட்ச்பேக் கார். இதுவரை 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரண்டி முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று மாதங்களாக முன்பக்கத்தில், பெரும்பாலும் இடது சக்கரத்தின் பக்கமிருந்து, ‘டக்’, ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஒட்டுப்போட்டு மேடுபள்ளமாகிவிட்ட சாலையில் போகும்போது அது மிகத் தெளிவாகக் கேட்கிறது. வேகம் கூடினால் கேட்பதில்லை. உண்மையில் நின்றுவிடுகிறதா, டயர் சத்தத்தில் அமுங்கிவிடுகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. இடது பாதத்தைத் தரையில் ஊன்றி வைத்திருந்தால், ஒவ்வொரு ‘டக்’குக்கும் அடியிலிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல் உள்ளங்காலில் உணர முடிகிறது.

முதல் முறை டீலர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனபோது, சர்வீஸ் அட்வைசர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஜாப் கார்டில் ‘முன்பக்கச் சத்தம்’ என்ற இரண்டே சொற்களை எழுதிக்கொண்டார். அன்று மாலையே இரண்டு ஸ்டெபிலைசர் லிங்குகளையும் (ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டுகள்) மாற்றி வண்டியைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் சத்தம் குறைந்ததுபோல் தோன்றியது. பிறகு பழையபடியே ஆகிவிட்டது. இரண்டாம் முறை போனபோது இரண்டு ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தாங்கி), இரண்டு ஸ்ட்ரட் மவுண்ட் (அதன் தலைப்பகுதி), இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை), இரண்டு டை ராட் எண்டு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை), லேபர், வீல் அலைன்மென்ட் என்று ஒரு பெரிய எஸ்டிமேட்டைக் கொடுத்தார்கள். அதன் மொத்தத் தொகை, இந்தக் காரை இன்றைக்கு விற்றால் கிடைக்கக்கூடிய விலையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இவற்றில் சத்தம் போடுவது எது என்று கேட்டேன். எல்லாமே தேய்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் மாற்றினால் சத்தம் போய்விடும் என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் லிங்கை மாற்றியபோதும் இதையேதான் சொன்னார்கள்.

யோசித்துச் சொல்வதாகக் கூறி வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். லிஃப்ட் வசதி இல்லாத என்னைப் போன்றவர் இந்தச் சத்தத்தின் இடத்தை ஓரளவுக்காவது கண்டுபிடிக்க வழி உண்டா? ஒவ்வொரு பாகமாகப் பணம் கட்டிக்கொண்டே போகாமல் இருக்க சர்வீஸ் சென்டரிடம் எப்படிப் பேச வேண்டும்? இந்த வண்டியில் குழந்தைகளும் வருகிறார்கள் என்பதால், முடிவு தெரியும்வரை ஓட்டலாமா என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1: மெக்கானிக்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இன்றைக்கே நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் வீல் ஸ்பேனரால் ஒருமுறை சோதித்துவிடுங்கள். தளர்ந்த சக்கர நட்டும் ‘டக்’ என்றுதான் சத்தம் போடும். பிறகு, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வீலில் புதிதாக ஆட்டம் தெரிகிறதா, முன் டயர்களில் ஒன்று மட்டும் உட்புறமோ வெளிப்புறமோ தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், சோதனை முடியும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். எதுவும் இல்லையென்றால், சில நாட்கள் குறைந்த வேகத்தில் பக்கத்தில் போய்வரலாம். நெடுந்தூரப் பயணம் வேண்டாம்.

இனிச் சத்தத்துக்கு வருவோம். சஸ்பென்ஷன் பாகங்கள் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் மாட்டியிருப்பதால், ஓரிடத்தில் எழும் தட்டு உலோகத்தின் வழியே ஓடி வேறோரிடத்தில் கேட்கும். இடப்பக்கம் என்று சத்தியம் செய்தவர்களின் வண்டியில் பழுது வலப்பக்கம் இருந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் காதை மட்டும் நம்பாமல், எந்தச் செயலுக்குச் சத்தம் வருகிறது, எதற்கு வரவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிக்கியில் இருக்கும் எல்லாவற்றையும், உபரிச் சக்கரம், ஜாக்கி, ஸ்பேனர் உட்பட, எடுத்து வீட்டில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இதைச் செய்யாமல் பாதி நாளை வீணாக்கிய அனுபவம் என் பணிமனையிலேயே உண்டு.

முதல் சோதனை பிரேக்குக்கு. அந்த மோசமான சாலையில் மெதுவாக உருண்டு போகும்போது, பிரேக் பெடலை வேகம் குறையாத அளவுக்குத் தொட்டும் தொடாமலும் மிதியுங்கள். அந்த நொடியில் சத்தம் மறைந்தால், ஆடுவது பிரேக் பேடோ, அதை அழுத்தும் காலிப்பரில் இருக்கும் ‘பின்’ என்ற ஊசியோதான்; சஸ்பென்ஷனில் ஒரு பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பெடலைத் தொட்டாலும் அதே சத்தம் தொடர்ந்தால் பிரேக்கை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது, வேகத்தடைச் சோதனை. ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏறினால் அது முறுக்கப்படுவதில்லை. ஒன்று மட்டும் ஏறும்போதுதான் முறுக்கப்பட்டு, அதன் விசை லிங்குகளில் விழும். ஆகவே ஒரே வேகத்தடையின் மேல் முதலில் நேராக ஏறுங்கள். அடுத்த முறை, சாலை காலியாக இருக்கும்போது, சாய்வாக ஒவ்வொரு சக்கரமாக ஏறுங்கள். சாய்வாக ஏறும்போது மட்டும் சத்தம் வலுத்தால் லிங்க், அல்லது ஸ்டெபிலைசர் பாரின் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உறை). உங்களுக்கு லிங்க் புதிதாக இருந்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள், ஏனெனில் புதிய லிங்கின் நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தாலும் இதே சத்தம் வரும். நேராக ஏறினாலும் அதே அளவு சத்தம் என்றால் லிங்க் மேல் பழிபோட முடியாது.

மூன்றாவது சோதனை லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கு. காலியான சமதளத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய், கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிறகு பிரேக்கைச் சட்டென்று மிதியுங்கள். அதேபோல் பின்னால் போயும் செய்யுங்கள். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் ஒரே ஒரு ‘டக்’ வந்தால், லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்திருக்கிறது என்று பொருள். நியூட்ரலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கியரில் செய்தால் எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருந்தாலும் அதே மாதிரி தட்டும். இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நான்காவது, ஸ்ட்ரட் மவுண்ட். 1940களில் ஏர்ல் மெக்பெர்சன் வடிவமைத்த ஸ்ட்ரட் அமைப்பில், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்ட்ரட் முழுவதும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து திரும்புகிறது. அதற்கு வழிவிடுவது மேலே இருக்கும் ஒரு சிறிய பேரிங். அந்தப் பேரிங் இறுகிவிட்டால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாத கட்டத்தில் ‘டொய்ங்’ என்று விடுபடும். வண்டி நின்றிருக்கும்போது ஒருவர் ஸ்டீயரிங்கை முழுமையாக இருபுறமும் திருப்பட்டும். நீங்கள் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள். சுருள்களுக்கு இடையில் விரலை மட்டும் நுழைக்கவே கூடாது. நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு திரும்புவது கையில் தெரியும். கெட்டது என்றால் அது துள்ளுவது தெரியும்.

மற்றவை சுருக்கமாக: வேகத்தோடு ஏறி இறங்கும் ‘உம்ம்’ என்ற ரீங்காரம் வீல் பேரிங், முழுமையாகத் திருப்பிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ‘டிக் டிக் டிக்’ என்றால் ஆக்சிலின் வெளிப்பக்க ஜாயின்ட், நின்றபடி எஞ்சின் ஓடும்போதே தகரம் அதிர்வது சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு. நீங்கள் விவரித்தது இவை எதையும் போல இல்லை. எந்தச் சோதனைக்காகவும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சோதித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

பதில் 2: முன்னாள் சர்வீஸ் அட்வைசர்

ஒரு டீலர் பணிமனையில் பல ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அந்த எஸ்டிமேட் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். பல பணிமனைகளில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு உண்டு. லிங்கை மாற்ற இவ்வளவு, ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்ட இவ்வளவு என்று இருக்கும். டெக்னீசியனின் நாளும் வருமானமும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஆனால் எப்போதோ வந்துபோகும் ஒரு சத்தத்தைத் தேடி ஒரு மணி நேரம் வண்டியோடு அலைவதற்கு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் நேரமே ஒதுக்கப்படுவதில்லை. பாகத்தை மாற்றினால் கூலி கிடைக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை. இரண்டு சொல்லில் புகார் எழுதி, அதிகம் கெட்டுப்போகும் பாகத்தை முதலில் மாற்றிப் பார்ப்பது இதனால்தான் நடக்கிறது. உங்களை ஏமாற்ற வேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே தேடுவதற்கான கூலியை நீங்களே முன்வந்து கொடுங்கள். சத்தத்தைக் கண்டறிவதற்கு மட்டும் தனியாக ஒரு மணி நேர லேபர் போடுங்கள், கண்டுபிடித்த பிறகு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லுங்கள். தேவையில்லாத ஒரு ஜோடி ஸ்ட்ரட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு. வண்டியில் அட்வைசர் மட்டும் ஏறினால் போதாது. வேலை செய்யப்போகும் டெக்னீசியனையே பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வரும் சாலைக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள். இருவரும் ஒரே சத்தத்தைக் கேட்டு, இதுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகே வண்டி பணிமனைக்குள் போக வேண்டும்.

ஜாப் கார்டில் என்ன எழுதப்படுகிறது என்பதை நீங்களே சொல்லி எழுத வைக்கலாம். ‘மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், கரடுமுரடான சாலையில், முன் இடப்பக்கத்தில் ஒற்றைத் தட்டு, ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றிய பின்னும் தொடர்கிறது’ என்று முழு வாக்கியமாக இருந்தால், வேலை முடிந்தபின் சத்தம் இருக்கிறதா இல்லையா என்ற வாக்குவாதத்துக்கே இடமிருக்காது. மேலே மெக்கானிக் ஐயா சொன்ன சோதனைகளின் முடிவுகளையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரிக்கும், இதில் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ‘தேய்ந்திருக்கிறது’ என்பது பதிலாகாது. ஸ்ட்ரட் என்றால் எண்ணெய் வழிகிறதா? மேல்பகுதியில் லேசாக ஈரம் படிந்து தூசி ஒட்டியிருப்பது இயல்பு. வழிந்து கீழே இறங்கியிருந்தால்தான் கசிவு. டை ராட் எண்டு என்றால் ஆட்டம் இருக்கிறதா? லோயர் ஆர்ம் என்றால் புஷ் கிழிந்திருக்கிறதா, பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) ஆடுகிறதா? லிஃப்டில் இருக்கும்போது உங்களையும் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்; உள்ளே விட மாட்டார்கள் என்றால் கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதுகாப்புக்கு உடனே வேண்டியது, சத்தத்துக்குக் காரணமானது, அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கக்கூடியது என்று எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்துத் தரும்படி கேட்டால், எட்டுப் பாகங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

லேபரிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்ட்ரட்டைக் கழற்றினால் அதன் தலையில் இருக்கும் மவுண்டும் கையோடு வந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றும்போது இரண்டுக்கும் தனித்தனியாக முழு லேபர் போட்டிருந்தால் காரணம் கேளுங்கள். லிங்கை மாற்றினால் அலைன்மென்ட் தேவையில்லை; டை ராட் எண்டு, லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் இவற்றில் எதை மாற்றினாலும் தேவை. அதனால் செய்ய வேண்டிய வேலைகளை ஒரே முறையில் முடித்தால் அலைன்மென்ட் செலவு ஒருமுறையோடு போகும்.

உதிரிபாகத்தைப் பொறுத்தவரை, கார் நிறுவனங்கள் ஷாக் அப்சார்பரை எல்லாம் பொதுவாகத் தாமே தயாரிப்பதில்லை. கேஒய்பி, சாக்ஸ், மன்ரோ போன்ற தயாரிப்பாளர்கள் கார் நிறுவனங்களுக்கும் கொடுக்கிறார்கள், தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள். உங்கள் காரில் இருப்பது யாருடைய தயாரிப்பு என்று பாகத்தின் மேலேயே பொறித்திருக்கும். அதே தயாரிப்பாளரின் பெட்டியில் வாங்கினால் விலை பெரும்பாலும் குறைவு. பெயர் தெரியாத மிக மலிவான பால் ஜாயின்டை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

கடைசியாக, லிங்க் விஷயம். கோபப்படாமல், ஆனால் விடாமல் கேளுங்கள்: இந்தப் புகாருக்காக ஏற்கெனவே ஒரு பழுது சொல்லி, பணம் வாங்கி, சரியாகவில்லை, அந்த லேபரை அடுத்த வேலையில் கழித்துக்கொள்ள முடியுமா? சர்வீஸ் மேனேஜருக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இருக்கும், அட்வைசருக்கு இருக்காது. அடுத்த பாகத்துக்குச் சம்மதிக்கும் முன்னரே, இதை மாற்றியும் சத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, பதிலை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய டெக்னீசியன் இன்னொரு முறை அடியில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

பதில் 3

இரண்டு பதில்களும் மிக நன்றாக இருக்கின்றன. ஆனாலும் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனது பழைய காரில் இதே மாதிரி சத்தத்தை, செலவுக்குப் பயந்து நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். ஒருநாள் நிறுத்துமிடத்திலிருந்து திருப்பி வெளியே எடுக்கும்போது கீழ்ப் பால் ஜாயின்ட் கழன்று, வலது முன்சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து, வண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. நடைவேகத்தில் நடந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. முந்தின நாள் அதே வண்டியில் என் பெற்றோரோடு நெடுஞ்சாலையில் வந்திருந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. எந்தப் பாகம் என்று ஆராய்வதெல்லாம் சரி. ஆனால் பால் ஜாயின்டையும் டை ராட் எண்டையும் இந்த வாரமே ஒருவர் லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று சொல்லிவிடட்டும். மற்றதற்குப் பொறுமையாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டிக்கியைக் காலி செய்தேன், மாற்றமில்லை. சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன. பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டினாலும் சத்தம் அப்படியே இருக்கிறது. வேகத்தடையில் நேராக ஏறினாலும் சாய்வாக ஏறினாலும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டீயரிங்கை என் மகன் திருப்ப, ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டுதான் திரும்பின. ஆனால் நியூட்ரலில் போட்டு பிரேக் அடிக்கும் சோதனையில், முன்னால் போய் நின்றால் ஒரு ‘டக்’, பின்னால் போய் நின்றால் ஒரு ‘டக்’; பத்து முறை செய்தேன், பத்து முறையும் வந்தது. ஒரே திசையில் இரண்டு முறை தொடர்ந்து பிரேக் அடித்தால், இரண்டாம் முறை வருவதில்லை. இது எனக்கு விசித்திரமாக இருந்தது.

பதில் 1: மெக்கானிக்

அதில் விசித்திரம் ஒன்றுமில்லை; இந்தத் திரியிலேயே மிகப் பயனுள்ள தகவலை அந்தக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். முன்னால் போய் பிரேக் அடிக்கும்போது லோயர் ஆர்ம் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கிழிந்த புஷ்ஷின் ஒரு சுவரில் போய் முட்டுகிறது. இரண்டாம் முறை அது ஏற்கெனவே அங்கேயே இருப்பதால் முட்ட இடமில்லை. திசையை மாற்றினால்தான் எதிர்ச்சுவருக்குப் போய் மறுபடி தட்டும். லோயர் ஆர்மின் பின்புற புஷ் என்று பத்துக்கு எட்டுப் பங்கு சொல்வேன். மீதி இரண்டு, ஆர்மின் போல்ட்டோ, ஆர்ம் மாட்டியிருக்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமின் போல்ட்டோ தளர்ந்திருப்பது.

பதில் 3இல் சொல்லியிருப்பதை அப்படியே வழிமொழிகிறேன். லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தை மணி 12க்கும் 6க்கும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்டும் வீல் பேரிங்கும், 9க்கும் 3க்கும் பிடித்து ஆட்டினால் டை ராடும் தம் நிலையைச் சொல்லிவிடும். பால் ஜாயின்டை ஆர்முக்கும், சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிள் என்ற பாகத்துக்கும் இடையில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பியும் பார்க்க வேண்டும். பிறகு அதே கடப்பாறையை ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் இடையில் வைத்து முன்னும் பின்னும் நெம்பச் சொல்லி, புஷ்ஷின் நடுக் குழாய் எவ்வளவு நகர்கிறது என்பதை நீங்களே பாருங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பல கார்களில் பின்புற புஷ்ஷின் ரப்பரில், வாழைப்பழ வடிவத்தில் இரண்டு துளைகள் வடிவமைப்பிலேயே விடப்பட்டிருக்கும். அவை கிழிசல் அல்ல. துளையின் விளிம்பு வழவழப்பாக, வார்த்ததுபோல் இருக்கும். கிழிசலின் விளிம்பு சொரசொரப்பாக, ஓரத்தில் பிய்ந்த தூளோடு இருக்கும். சில புஷ்களுக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். அவை கிழிந்தால் சுற்றிலும் கருத்த எண்ணெய்க் கறை படிந்திருக்கும். மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் மட்டும் இருந்தால், இந்த வயதில் அது இயல்பு. அதற்காக ஆர்மை மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற நேர்ந்தால், தயவுசெய்து இதை ஜாப் கார்டில் எழுத வையுங்கள்: ‘புஷ் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும் நிலையில் இறுதியாக இறுக்க வேண்டும்.’ இத்தகைய புஷ்ஷில் ரப்பர் நடுக் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டப்பட்டிருக்கிறது. அது சுழல்வதில்லை, முறுகி மீள்கிறது. லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுமையாக இறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே இருக்கும். பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய புஷ் சில மாதங்களிலேயே கிழிந்துபோவதற்கு இந்த ஒரு தவறே போதும். அவசரத்தில் மிகப் பலர் செய்யும் தவறு இது; கண்ணெதிரே பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

பதில் 2: முன்னாள் சர்வீஸ் அட்வைசர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டீலரிடம் போவதற்கு முன், லிஃப்ட் உள்ள வேறொரு பணிமனையில் சோதனைக்கு மட்டும் பணம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். முதல் எஸ்டிமேட்டை அவர்களிடம் காட்டாதீர்கள், சந்தேகத்தையும் சொல்லாதீர்கள். சத்தத்தை மட்டும் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த முடிவை நம்பலாம்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடியே வேறொரு பணிமனையில் சோதனைக்கு மட்டும் பணம் கட்டினேன். பால் ஜாயின்டுகளிலும் டை ராட் எண்டுகளிலும் ஆட்டம் இல்லை. ஸ்ட்ரட் இரண்டும் மேலே லேசாக ஈரம் பூத்து, கீழே உலர்ந்து இருந்தன. இடது லோயர் ஆர்மின் பின்புற புஷ்ஷில் கடப்பாறையை வைத்து நெம்பியபோது, நடுக் குழாய் ரப்பரை விட்டு விலகி, என் கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி திறந்து மூடியது. உள்ளே பிய்ந்த ரப்பர் கரித்தூள்போல் உதிர்ந்து கிடந்தது. கடப்பாறையை விட்டதும், மூன்று மாதங்களாகக் காலில் உணர்ந்த அதே ‘டக்’. டெக்னீசியன் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் தலையாட்டினேன். வலது ஆர்மில் நுண்ணிய வெடிப்புகள் மட்டுமே இருந்தன.

அங்கே எடுத்த படங்களோடு டீலரின் சர்வீஸ் மேனேஜரைச் சந்தித்தேன். அவர் மறுக்கவில்லை, தம் டெக்னீசியனை அழைத்து மறுபடி நெம்பிப் பார்க்கச் சொல்லி, பத்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார். ஆர்ம், புஷ், பால் ஜாயின்ட் மூன்றும் ஒரே பாகமாகத்தான் வரும் என்பதால் இடது ஆர்ம் முழுமையாக மாற்றப்பட்டது. வலதையும் மாற்றுவதா என்று நிறைய யோசித்தேன். இன்னோர் ஆண்டில் அதுவும் கிழிந்தால் இன்னோர் அலைன்மென்ட் செலவு வரும் என்பது உண்மை. ஆனால் நன்றாக இருக்கும் ஒரு பாகத்தைக் கழற்ற மனம் வரவில்லை. அடுத்த சர்வீஸில் நெம்பிப் பார்க்க வேண்டும் என்று குறிப்பு மட்டும் எழுத வைத்தேன். லிங்குக்கு வாங்கிய லேபரைக் கழித்துக்கொண்டார்கள். மொத்தத்தில் முதல் எஸ்டிமேட்டின் ஏழில் ஒரு பங்கோடு முடிந்தது. போல்ட்டுகளை வண்டி சக்கரத்தின் மேல் நிற்கும்போது இறுக்கியதை நான் நேரில் பார்த்தேன். டெக்னீசியனே அதை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

‘டக்’ சத்தம் முற்றிலும் நின்றுவிட்டது. அது நின்ற பிறகுதான், குளிர்ந்த காலையில் வீட்டிலிருந்து இறங்கும்போது மெல்லிய ‘கிரீச்’ ஒன்று இருப்பது காதில் விழுந்தது. ஸ்டெபிலைசர் பாரின் புஷ்ஷில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். உடனே நின்றது, காய்ந்ததும் திரும்பி வந்தது. புஷ் கிழியவில்லை, கம்பியும் ஆடவில்லை. அடுத்த சர்வீஸ்வரை அதை அப்படியே விட்டுவைக்கிறேன்.